நான்சி நகரத்து எமில் காலே: தோட்டம், பேனா, பட்டறை

எமில் காலே என்ற பெயரை நம்மூரில் கேள்விப்பட்டவர்கள் குறைவு. பழம்பொருள் வாங்கி விற்பவர்களுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். அவருடைய பெயர் பொறித்த ஒரு சிறிய கண்ணாடிக் குடுவை ஏலத்துக்கு வந்தால் உலகம் முழுவதிலிருந்தும் கேட்பார்கள். ஆனால் நான் இங்கே எழுத நினைப்பது விலையைப் பற்றி அல்ல. பிரான்சின் கிழக்கு மூலையில், நான்சி என்ற ஊரில், காலையில் தோட்டத்தில் செடிகளோடும், பகலில் பட்டறையில் தொழிலாளிகளோடும், இரவில் பேனாவோடும் வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றி. பூக்களைத் தவிர வேறொன்றும் தெரியாதவர் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த அவர், ஒரு கட்டத்தில் சொந்த ஊரையே எதிர்த்து நிற்க வேண்டி வந்தது. அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த ஊரைச் சொல்ல வேண்டும்.

எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஊர்

என்னைப் போல் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு அல்சாஸ், லொரேன் என்ற இரண்டு பெயர்கள் மறக்காது. சரித்திர வகுப்பில் ‘இழந்த மாகாணங்கள்’ என்று அவற்றைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆங்கில வழியில் படித்த பேரப்பிள்ளைகளுக்கும் இது புதிதல்ல. அல்போன்ஸ் தோதே எழுதிய ‘கடைசிப் பாடம்’ கதையை அவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் படித்திருப்பார்கள். நாளையிலிருந்து பள்ளியில் ஜெர்மன் மட்டும்தான் என்று உத்தரவு வந்த நாளைப் பற்றிய கதை அது.

1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பிரான்ஸ் தோற்றது. 1871 மே 10-ஆம் தேதி பிராங்பர்ட் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அல்சாஸ் ஏறக்குறைய முழுவதும், லொரேனில் ஒரு பகுதியும் ஜெர்மனிக்குப் போயின. நான்சி பிரான்சிலேயே தங்கிவிட்டது. ஆனால் புதிய எல்லை ஊருக்கு வெகு அருகில் வந்துவிட்டது. 1873 வரை ஜெர்மன் படை நான்சியிலேயே முகாமிட்டிருந்தது.

பறிபோன பகுதியில் பிறந்தவர்களுக்கு ஓர் உரிமை கொடுத்தார்கள். 1872 அக்டோபர் 1-ஆம் தேதிக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக்கொடுக்கலாம். ஆனால் எழுதிக்கொடுத்தவர்கள் வீடு வாசலை விட்டுப் பிரான்சுக்குள் குடிபெயர வேண்டும். ‘ஒப்தான்’ என்று அவர்களுக்குப் பெயர். நம்மூர்ப் பெரியவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. 1962 ஆகஸ்ட் 16-ல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்றார்கள் அல்லவா? ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆன குடும்பங்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கின்றன. எங்கள் வீட்டில் யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. அதனால்தான் நான் இங்கே சர்க்கார் எழுத்தராக ஓய்வு பெற்றேன். நம்மூரில் எழுதிக்கொடுத்தவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கவில்லை. அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மூட்டை கட்டினார்கள்.

அவர்களில் பலர் வந்து சேர்ந்த இடம் நான்சி. போருக்கு முன்னால் சுமார் 50,000 பேர் இருந்த ஊர், 1901-ல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்கள் பணத்தையும் தொழிலையும் கொண்டுவந்தார்கள். கண்ணாடிப் பாத்திரத்துக்குப் பேர்போன தோம் குடும்பம் பீட்ச் என்ற ஊரிலிருந்து இப்படி வந்ததுதான். ஓவியர் எமில் ஃப்ரியான் சிறு பையனாக தியேஸ் என்ற ஊரிலிருந்து வந்தார். இழப்பின் வருத்தமும் புதிதாய் எதையாவது செய்துகாட்ட வேண்டும் என்ற வேகமும் அந்த ஊரில் ஒன்றாகக் கலந்திருந்தன.

காலே அந்த ஊரிலேயே பிறந்தவர். பிறந்தது 1846 மே 4. தகப்பனார் ஷார்ல் காலே பீங்கான், கண்ணாடிச் சாமான் வியாபாரி. பையன் நான்சி லிசேயில் படித்தான். பிறகு ஜெர்மனியில் வைமார் நகருக்கு அனுப்பப்பட்டு, அங்கே செடிகொடி சாஸ்திரம், சித்திரம் எல்லாம் கற்றான். அதன்பின் மைசந்தால் என்ற ஊரின் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பழகினான். 1870-ல் போர் வந்ததும் தானாக முன்வந்து படையில் சேர்ந்தான். போர் முடிந்தபோது தொழில் பழகிய மைசந்தால் ஜெர்மனியின் பக்கம் போயிருந்தது. அதற்கு மேல் இருபது ஆண்டுக்கும் அதிகமாக, காலே நிறுவனத்தின் கண்ணாடி அந்த எல்லைக்கு அப்பால்தான் உருக்கப்பட்டது. சொந்த ஊரில் சொந்த உலை எரியத் தொடங்கியது 1894-ல்தான்.

தோட்டம்

நமக்கு இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி. வேப்பம்பூவும் மாம்பிஞ்சும் வரும்போதே வெயிலும் வந்துவிடும். லொரேனில் கதை வேறு. மாதக்கணக்கில் குளிர், சாம்பல் நிற வானம், மொட்டை மரம். மார்ச் கடைசியில் மண் இளகும். ஏப்ரலில் ஒவ்வொன்றாய்த் துளிர்க்கும். மே மாதத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் பூத்துக் கொட்டும். தோட்டக்காரனுக்கு அந்த எட்டு வாரமும் தூக்கம் கிடையாது.

நான்சி அப்போது ஐரோப்பாவின் பெரிய தோட்டக்கலை ஊர்களில் ஒன்று. விக்தோர் லெமுவான் என்ற நாற்றங்கால்காரர் அங்கே இருந்தார். அவர் பிறந்த தெல்ம் என்ற ஊரும் ஜெர்மனிக்குப் போய்விட்டது. போரும் ஆக்கிரமிப்புமாக வியாபாரம் படுத்திருந்த 1870-ல் அவர் சும்மா இருக்கவில்லை. லிலா என்ற செடியில் (ஆங்கிலத்தில் லைலாக் என்பார்கள்) அடுக்கு இதழ்ப் பூ வரவழைக்க மகரந்தச் சேர்க்கை செய்யத் தொடங்கினார். வயதாகிக் கண் பார்வையும் மங்கிவிட்டது. அதனால் அவருடைய மனைவி ஏணியில் ஏறி நின்று, சின்னஞ்சிறு பூக்களைக் குத்தூசியால் பிரித்து, தூரிகையால் மகரந்தத்தை வைத்தார். இன்று உலகத் தோட்டங்களில் ‘பிரெஞ்சு லைலாக்’ என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை அந்த அம்மாள் ஏறிய ஏணியிலிருந்து இறங்கியவைதான்.

1877-ல் நான்சியில் ஒரு தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது. காலே அதன் செயலாளர். அதே ஆண்டு தகப்பனாரின் தொழிலையும் அவர் ஏற்றுக்கொண்டார். சங்கத்தின் கூட்டம், கண்காட்சி, பரிசு, அறிக்கை எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. பட்டறைக்குப் பக்கத்திலேயே, லா காரென் என்ற இடத்தில், வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டார். அழகுக்கு வைத்த செடிகள் மட்டுமல்ல; வயல் வரப்பில் முளைக்கும் களையும் அங்கே இருந்தது. லொரேன் மாகாணத்தின் சின்னமான முள்செடி இருந்தது. நம் கொத்தமல்லிச் செடியைப் பத்து மடங்கு பெரிதாக்கியதுபோல் குடை குடையாகப் பூக்கும் ‘பெர்ஸ்’ என்ற காட்டுச் செடி இருந்தது. யாரும் தோட்டத்தில் வைக்காத இந்தச் செடியைத்தான் அவர் நாற்காலியின் காலாகவும், அலமாரியின் தூணாகவும், விளக்கின் தண்டாகவும் மாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊருக்கு வெளியே சுண்ணாம்புக் குன்றுகளில் செடி தேடுவார். லொரேனின் தாவரங்களை எல்லாம் தொகுத்து எழுதிய கோத்ரோன் என்ற அறிஞர்தான் அவருக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர். கால் ரூபாய் அகலம்கூட இல்லாத காட்டு ஆர்க்கிட் பூக்களை காலே பல வசந்தங்கள் கவனித்தார். அதிலும் ஆட்டுக்கிடா நாற்றம் அடிக்கும் ஒரு வகை உண்டு. அதன் கீழிதழ் வாலைப்போல் நீண்டு சுருளும். ஒரே குன்றில், ஒரே இனத்தில், ஒன்றுக்கொன்று எத்தனை வித்தியாசம் என்று வரைந்து வரைந்து பார்த்தார். 1900-ல் பாரீஸில் நடந்த உலகத் தாவரவியல் மாநாட்டில் இதைப் பற்றிக் கட்டுரை கொடுத்தார். கண்ணாடி வியாபாரி என்று யாரும் சிரிக்கவில்லை. நான்சியின் தாவர அறிஞர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே நடத்தினார்கள்.

1885-ல் தகாஷிமா என்ற ஜப்பானியர் நான்சிக்கு வந்தார். அங்கே இருந்த அரசாங்க வனத்துறைப் பள்ளியில் மூன்று ஆண்டு படிக்க வந்தவர். அவர் ஓவியரும்கூட. இருவருக்கும் நட்பு ஏற்பட்டது. ஒரு கிளையையும் ஒரு தும்பியையும் மட்டும் போட்டு, மீதி இடத்தை வெறுமையாய் விடுகிற ஜப்பானிய முறை காலேயை முன்பே கவர்ந்திருந்தது. இப்போது அந்த வழியில் வந்த ஒருவரே பக்கத்தில் உட்கார்ந்து வரைவதைப் பார்க்கக் கிடைத்தது.

பேனா

கையால் வேலை செய்பவர்கள் எழுதுவது அபூர்வம். காலே நிறையவே எழுதினார். தோட்டச் சங்கத்தின் இதழில் பூக்காட்சிகளைப் பற்றி எழுதுவார். எந்தப் பூ எந்தக் குறையோடு வந்தது, எந்தத் தோட்டக்காரர் எதில் தேறினார் என்று ஒன்று விடாமல் குறிப்பார். 1884-லும் 1889-லும் பாரீஸ் கண்காட்சிகளுக்குப் பொருள்களை அனுப்பியபோது, நடுவர்களுக்கு விளக்கக் குறிப்பும் எழுதி அனுப்பினார். கண்ணாடியில் எந்த நிறம் எப்படி வந்தது, எதில் தோற்றோம், எதில் ஜெயித்தோம் என்று நேராகச் சொன்ன குறிப்புகள் அவை. மனைவி ஒன்ரியெத்துக்கு அவர் எழுதிய கடிதங்களும் ஏராளம். ஊரில் இல்லாத நாள்களில் வீட்டு விஷயம், பட்டறை விஷயம், தோட்டத்தில் என்ன பூத்தது என்ற விஷயம் எல்லாம் கடிதத்தில்தான்.

பாத்திரங்களிலும் எழுதினார். விக்தோர் யூகோ, பொதலேர், வெர்லேன் போன்ற கவிஞர்களின் வரிகளைக் குடுவையின் மேல் பொறித்தார். ‘பேசும் கண்ணாடி’ என்று அவற்றுக்குப் பெயர் வந்தது.

1900 மே 17-ல் நான்சியின் பழம்பெரும் கழகமான ஸ்தானிஸ்லாஸ் அகாதெமியில் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். அன்று அவர் பேசிய தலைப்பு ‘குறியீட்டு அலங்காரம்’. அதன் சாரம் இதுதான்: பூவை வெறுமே அழகுக்காக ஒட்டக்கூடாது. பூவைச் செய்கிறவனுக்கு அந்தப் பூ என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பொருளைக் கையில் எடுப்பவருக்கும் அது போய்ச் சேர வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று நம் பாட்டிமார் சொல்வதும் இதுதான்.

பட்டறை

இப்போது பட்டறைக்கு வருவோம். காலேயிடம் உச்ச காலத்தில் சுமார் 300 பேர் வேலை செய்தார்கள். கண்ணாடி ஊதுகிறவர்கள், வெட்டுகிறவர்கள், ஆசிட் வேலை செய்பவர்கள், தச்சர்கள், சித்திரக்காரர்கள் என்று பல பிரிவு.

அந்த வேலை எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஊதுகுழலின் நுனியில் ஒரு நிறக் கண்ணாடிக் குழம்பை எடுத்து, அதன் மேல் இரண்டாவது நிறம், மூன்றாவது நிறம் என்று போர்த்தி ஊதுவார்கள். வெங்காயம்போல் அடுக்கடுக்காக நிறம் இருக்கும். ஆறியபின், எந்த இடம் நிலைக்க வேண்டுமோ அங்கே தார் போன்ற ஒரு பூச்சைத் தடவுவார்கள். பிறகு ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் அமிழ்த்தினால், பூச்சு இல்லாத இடத்தை அமிலம் தின்றுவிடும். மேல் நிறம் போய் உள் நிறம் தெரியும். கடைசியில் சின்னச் சக்கரத்தில் வைத்து இலை நரம்பு, பூந்தாள் எல்லாம் செதுக்குவார்கள். அமிலத்தின் புகை நுரையீரலுக்கு ஆகாது. உலைச் சூடு ஒரு பக்கம். அழகான வேலைதான், சுகமான வேலை அல்ல. 1898-ல் காலே இன்னொரு முறைக்கும் காப்புரிமை வாங்கினார். சூடான பாத்திரத்தின் மேனியில் வேறு நிறக் கண்ணாடித் துண்டுகளை, மரத்தில் பலகைத் துண்டு பதிப்பதுபோல், பதித்து அழுத்துகிற முறை அது. பத்தில் பல விரிசல் விட்டு வீணாகும் வேலை.

வேலையாள்களுக்குப் பாடம் நடந்த விதம்தான் எனக்குப் பிடித்த பகுதி. வரைபடப் புத்தகத்தைப் பார்த்து நகல் எடுக்கிற வழக்கம் அன்று எல்லாப் பட்டறையிலும் இருந்தது. காலே தோட்டத்திலிருந்து செடியையே கொண்டுவந்து மேசையில் வைக்கச் சொன்னார். வசந்தத்தில் அன்றன்று பூத்தது அன்றன்று மேசைக்கு வரும். முதலில் செடியைப் பார், அது எப்படி நிற்கிறது, எங்கே வளைகிறது, எங்கே வாடுகிறது என்று பார், பிறகு வரை. வாடின இலையையும் விடாதே. பூச்சி அரித்த ஓட்டையையும் விடாதே. அவர்கள் வரைந்த தாள்களின் ஓரத்தில் காலே கைப்படக் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார். இந்த நிறத்தைக் குறை, இந்தத் தண்டை மெலியவிடு, இங்கே அமிலம் போதும், சக்கரம் வேண்டாம் என்கிற மாதிரி. முப்பத்துச் சொச்சம் ஆண்டு கோப்புகளின் ஓரத்தில் குறிப்பு எழுதியே வாழ்ந்தவன் நான். ஓரக் குறிப்பில் ஒரு மனிதரின் குணம் தெரியும் என்பது எனக்குத் தெரியும். கீழே இருப்பவனைத் திட்டுவதற்கு எழுதுகிறவர்கள் உண்டு. அடுத்த தடவை அவனே சரியாகச் செய்யட்டும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. காலே இரண்டாவது ரகம்.

அவரோடு வேலை செய்த லூயி எஸ்தோ, விக்தோர் புரூவே இருவரும் தாங்களே தேர்ந்த கலைஞர்கள். அவரிடம் பழகிய பால் நிக்கோலா பிற்காலத்தில் சொந்தமாகப் பட்டறை வைத்தார்.

பட்டறைக்கு வெளியிலும் அந்த வேலை நடந்தது. பகலில் உழைக்கிறவர்கள் மாலையில் வந்து அறிவியல், கலை, சட்டம் கேட்பதற்காக நான்சியில் ‘மக்கள் பல்கலைக்கழகம்’ ஒன்றைத் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் காலேயும் ஒருவர். 1901 பிப்ரவரியில் ‘நான்சிப் பள்ளி’ என்ற சங்கம் உருவானது. அதற்கு அவர்தான் தலைவர். தச்சுக் கலைஞர்கள் மஜோரெல், வலேன், கண்ணாடிக்காரர் அந்தோனேன் தோம் மூவரும் துணைத் தலைவர்கள். தொழிலில் அவர்கள் அவருக்குப் போட்டியாளர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளி என்று பெயரே தவிர ஒரே கட்டடம், ஒரே வகுப்பு என்று கிடையாது. மாகாணத்துத் தொழிலாளிகளுக்கு முறையான கலைப் படிப்பு, பார்த்துக் கற்க ஓர் அருங்காட்சியகம், சொற்பொழிவு, கண்காட்சி இவையெல்லாம் வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். பாரீஸைப் பார்த்து நகல் எடுக்காமல், தன் மண்ணில் முளைக்கும் செடியைப் பார்த்து வேலை செய்தால் போதும் என்றார்கள்.

ஊர் வாய்

1889 பாரீஸ் உலகக் கண்காட்சிக்கு காலே ஒரு பெரிய மேசை செய்து அனுப்பினார். புரூவே வரைந்த படத்தை மரத்துண்டுகளால் பதித்த மேசை. ரைன் ஆற்றை ஒரு கிழவராக உருவகித்து, அவர் பிரான்சையும் ஜெர்மனியையும் பிரித்து நிற்பதாகக் காட்டியிருந்தார். அந்த ஆறுதான் எல்லை என்று பழைய ரோமானிய சரித்திர ஆசிரியர் தாசித் சொன்னதையும் பொறித்திருந்தார். இழந்த மாகாணங்கள் எங்களுடையவை என்று மரத்தில் எழுதிய மனு அது. பார்த்தவர்கள் கொண்டாடினார்கள். கண்ணாடிக்கு அந்த ஆண்டு அவருக்கு முதல் பரிசு கிடைத்தது. தேசபக்தர் என்று ஊரே புகழ்ந்தது.

ஐந்தே ஆண்டில் வேறொரு சோதனை வந்தது. 1894-ல் ஆல்பிரெட் த்ரெஃபூஸ் என்ற ராணுவ அதிகாரியை, ஜெர்மனிக்கு ரகசியம் விற்றார் என்று கைது செய்து, ஆயுள் தண்டனை கொடுத்து, தென்னமெரிக்கக் கரையோரம் உள்ள பிசாசுத் தீவுக்கு அனுப்பினார்கள். அவர் யூதர். பிறந்த ஊர் அல்சாஸில் உள்ள முலூஸ். 1872-ல் பிரான்ஸ்தான் வேண்டும் என்று எழுதிக்கொடுத்த குடும்பம். எந்த நாட்டுக்காக வீட்டை விட்டு வந்தார்களோ, அதே நாடு அவரைத் துரோகி என்றது. குற்றம் செய்தவர் வேறொருவர் என்பதற்கான சான்று பிறகு கிடைத்தது. ஆனாலும் ராணுவத்தின் மானம் போகும் என்று மூடி மறைத்தார்கள். 1898 ஜனவரியில் எழுத்தாளர் எமில் ஸோலா பகிரங்கக் கடிதம் எழுதினார். நாடே இரண்டாகப் பிளந்தது.

எல்லையோர ஊரான நான்சியில் ராணுவத்தைக் குறை சொன்னவனுக்கு ஜெர்மானியக் கைக்கூலி என்றே பட்டம். அங்கிருந்த பத்திரிகைகளில் யூத வெறுப்பு கொதித்தது. காலே வியாபாரி. வாங்குகிறவர்கள் எல்லாம் வசதியான குடும்பத்துக்காரர்கள், அதிகாரிகள், பழமைப் பற்றுள்ளவர்கள். வாயை மூடிக்கொண்டு பூச்செடி வளர்த்திருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் ஸோலாவுக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டார். மனித உரிமைக் கழகத்தின் நான்சிக் கிளையைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். பத்திரிகைகளுக்கு எழுதினார். மனைவியும் அவர் பக்கம் உறுதியாக நின்றார். பழகிய நண்பர்கள் சிலர் ஒதுங்கினார்கள். வாடிக்கையாளர்கள் விலகினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நேற்று தேசபக்தர் என்ற அதே வாய் இன்று துரோகி என்றது.

1900-ல் மறுபடியும் பாரீஸில் உலகக் கண்காட்சி. காலே அங்கே கண்ணாடி உலை ஒன்றையே கட்டி வைத்து, அதைச் சுற்றித் தன் பாத்திரங்களை அடுக்கினார். அவற்றில் ஒன்றின் பெயர் ‘கறுப்பு மனிதர்கள்’. புரூவே வரைந்து கொடுத்தது. பழுப்பும் கறுப்புமாய்ச் சேற்றின் நிறத்தில் உள்ள கண்ணாடியிலிருந்து வெறுப்பும் பொய்யும் மனித உருவம் எடுத்து எழுந்து வருகின்றன. யாரைப் பற்றியது என்று பார்த்தவர்களுக்கு உடனே விளங்கியது. துருக்கியில் ஆர்மீனியர்கள் படுகொலை செய்யப்பட்டதற்கு வருந்தியும் ஒரு கிண்ணம் வைத்திருந்தார். பூ விற்கும் கடையில் இதெல்லாம் எதற்கு என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். நடுவர்கள் இந்தத் தடவையும் முதல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் கண்காட்சிக்குச் செய்த செலவு வசூலாகவில்லை. அடுத்த சில ஆண்டுகள் பட்டறைக்குக் கஷ்ட காலம்.

வேர்

1897-ல் பட்டறைக்கு ஒரு புதிய கதவு போட்டார். வலேன் செய்துகொடுத்தது. ஓக் மரக் கதவு முழுக்க இலையும் காயும் செதுக்கியிருக்கும். அதன்மேல், தன் வேர் காட்டின் ஆழத்தில் இருக்கிறது என்ற பொருளில் ஒரு வாசகம். தினமும் அந்த வாசகத்தின் கீழேதான் முதலாளியும் தொழிலாளியும் உள்ளே போனார்கள்.

இதை எழுதும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. மேசை செய்தபோது இருந்த காலேயும், ‘கறுப்பு மனிதர்கள்’ செய்தபோது இருந்த காலேயும் ஒரே ஆள்தான். மண்ணின் மேல் பற்று இருந்ததால்தான் மாகாணம் போனதற்கு அழுதார். அந்தப் பற்று உண்மையாக இருந்ததால்தான், தன் நாடு ஓர் அப்பாவியைத் தண்டித்தபோது அதையும் சொல்ல முடிந்தது. செடியை உள்ளபடி பார், வாடினதையும் மறைக்காதே என்று தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுத்தவர், நாட்டு விஷயத்தில் மட்டும் வேறு கண்ணால் பார்க்க முடியுமா?

கடைசி வசந்தங்கள் நோயோடு கழிந்தன. ரத்தப் புற்றுநோய். சிகிச்சைக்காக அடிக்கடி ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் 1904-ல் ஒரு கட்டில் செய்தார். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் முத்துச்சிப்பி பதித்த பெரிய அந்திப்பூச்சிகள். ‘விடியலும் அந்தியும்’ என்று அதற்குப் பெயர். அதே ஆண்டு செப்டம்பர் 23-ல் காலமானார். வயது 58. த்ரெஃபூஸ் நிரபராதி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1906 ஜூலையில். அதைக் கேட்க காலே இல்லை.

பட்டறையை ஒன்ரியெத் அம்மாள் நடத்தினார். கணவர் போன புதிதில் செய்த பாத்திரங்களில் ‘காலே’ என்ற கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரம் இருக்கும். அவர் உயிரோடு இல்லை என்பதற்கு அடையாளம். இரண்டு ஆண்டுபோல அப்படிப் போட்டார்கள். 1908-ல் அவருடைய எழுத்துகளைத் திரட்டிப் புத்தகமாகவும் அந்த அம்மாள் வெளியிட்டார். நாம் இன்று அவரைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்டிருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். 1914-ல் ஒன்ரியெத்தும் காலமானார். 1918-ல் அல்சாஸும் லொரேனும் பிரான்சுக்குத் திரும்பின. 1931-ல் காலேயின் உலை அணைந்தது.

நம்மூரில் பிள்ளைகள் பிரான்சில் இருப்பவர்கள் பலர். அங்கே போகிறவர்கள் ஈஃபெல் கோபுரம், லூர்து மாதா கோயில் என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். முடிந்தால் ஒரு தடவை மே மாதத்தில் போங்கள். பாரீஸ் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் நான்சி ஒன்றரை மணி நேரம்தான். அங்கே நான்சிப் பள்ளியின் அருங்காட்சியகம் இருக்கிறது. 1964-ல் திறந்தது. கண்ணாடி, மேசை, கட்டில் எல்லாம் உள்ளே. வெளியே தோட்டத்தில் அந்தப் பட்டறைக் கதவைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். 1962-ல் எழுதிக்கொடுத்த குடும்பமோ, கொடுக்காத குடும்பமோ, அதன் முன்னால் நின்று அந்த வாசகத்தைப் பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டிவிட்டு வாருங்கள்.